மூன்று இடத்தில் இருந்தால் உண்மை

"இதைப் படி. சத்தமா படி. உன் வாயால நான் கேக்கணும்."

அண்ணி போனை மேஜைமேல் வைக்கவில்லை, எறிந்தாள். அது சறுக்கிக்கொண்டு போய் டீக் கோப்பையில் இடித்து நின்றது. கோப்பை தளும்பியது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.

இரண்டு வருஷமாக இந்த வீட்டுப் படியை மிதிக்காதவள் அண்ணி. போனில்கூடக் குரல் காட்டாதவள். காலை எட்டு மணிக்கு, மடித்த வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் வந்து நிற்கிறாள் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

மிளகாய் போனை எடுத்தாள். மிளகாய் என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர். அவள் வாயைத் திறந்தால் எதிராளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

திரையில் மேலே அண்ணியின் முழுப்பெயர், பக்கத்தில் அவள் தலைமை மருந்தாளுநராக இருக்கும் மருத்துவமனை. கீழே ஒரே வரி.

'நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்ததற்காக முன்பு பணிநீக்கம் செய்யப்பட்டவர். உறுதி: 97 சதவீதம்.'

மூலையில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன முகம், கம்பெனி முத்திரை. மிளகாய் தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் அடையாள அட்டையிலும் அதே முகம்தான்.

"உங்க கம்பெனி," என்றாள் அண்ணி. "நீ உக்காந்து சரி, தப்புன்னு போடற இடம். அப்படித்தானே?"

"அண்ணி, நான்..."

"பேசாதே. பதினெட்டு வருஷம் அதே கவுண்டர்ல நிக்கறேன். ஒரு அட்டை மாத்திரை மாறினதில்ல. வருஷா வருஷம் ஊழியர்களைப் பத்தி உங்க மெஷினைக் கேட்டுப் பாப்பாங்களாம். நேத்து சாயங்காலம் கையில கடுதாசியத் திணிக்கறாங்க. பழைய வேலை நீக்கத்தை மறைச்சிட்டேனாம். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குக் கமிட்டி. பதில் இல்லேன்னா வெளியே போ, அவ்வளவுதான். லைசென்ஸும் போயிடும்."

"நான் எதுவும் பண்ணல."

"மாத்திரையை மாத்திக் குடுத்தேன்னு இந்த உலகத்துல ஒரே ஒருத்திதான் என்னைச் சொன்னா. அது நீ."

மிளகாய் மறுபடி திரையைப் பார்த்தாள்.

அது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மாவைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அன்று, கூடம் நிறைய உறவு ஜனம் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னாள்: 'இவ குடுத்த மாத்திரைதான் எங்கம்மாவை அனுப்பிச்சிருச்சு.' இதயம் நின்றதுதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் அப்போது அவள் கைப்பையிலேயே இருந்தது. தெரிந்தேதான் சொன்னாள். அழுகையை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அண்ணி அருகில் இருந்தாள்.

"பன்னெண்டு மணி," என்றாள் அண்ணி, போனைப் பிடுங்கிக்கொண்டு. "அதுக்குள்ள அந்த வரி போகலேன்னா, வக்கீலோட உன் ஆபீஸுக்கு வருவேன். உங்க அண்ணன் நடுவுல வந்து நின்னாலும் சரி, தள்ளிட்டு வருவேன்."

கதவு சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் கோணிக்கொண்டது.

*

ஒன்பது மணிக்கு மிளகாய் தன் இருக்கையில் இருந்தாள். இருபத்தேழாம் எண்.

நீளமான கூடம். நாற்பது மேஜை, நாற்பது திரை, பஞ்சு பிதுங்கிய நாற்பது நாற்காலி. கோடியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் இருந்து எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளருக்கு மேஸ்திரி என்று பெயர். சாரம் கட்டிய இடத்தில் சித்தாள்களை விரட்டுவதுபோல விரட்டுவார். முகத்துக்கு நேரே எல்லாரும் 'சார்' என்பார்கள்.

அவர்கள் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தது ஒரு கம்ப்யூட்டருக்கு. அதற்குப் படிப்பாளி என்று பெயர் வைத்திருந்தார்கள். இணையத்தில் யார் எதை எழுதிப் போட்டாலும் உட்கார்ந்து படிக்கும். முதலில் அதற்குச் சில உண்மைகளைக் கையால் ஊட்டினார்கள்: இன்னார் இந்த ஊரில் டாக்டர், இந்த மருந்து இந்த வியாதிக்கு. அந்த உண்மைகள் எந்த மாதிரி வாக்கியங்களில் வருகின்றன என்று பார்த்து, அந்த அச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதே அச்சில் இருக்கும் வேறு வாக்கியங்களிலிருந்து புதுப்புது உண்மைகளைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தது. பொறுக்கியதில் எது தேறும், எது தேறாது என்று அதற்குச் சொல்லத்தான் இந்த நாற்பது பேர்.

ஒரே ஒரு பக்கத்தில் படித்தால் படிப்பாளி சந்தேகப்படும். மூன்று வெவ்வேறு இடத்தில் படித்துவிட்டால் நம்பிவிடும். கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: 'மூன்று இடத்தில் இருந்தால் உண்மை.'

திரையில் ஒவ்வொரு உண்மையும் மூன்று பெட்டியாக வரும். இடது பெட்டியில் யார். நடுப் பெட்டியில் என்ன. வலது பெட்டியில் எங்கே. கீழே, அது எந்த வாக்கியத்திலிருந்து வந்ததோ அந்த வாக்கியம். வாக்கியத்தில் அப்படி இருந்தால் 'சரி'. இல்லையென்றால் 'தவறு'. நாளைக்கு ஆயிரத்து நானூறு. நிஜத்திலேயே அப்படி நடந்ததா என்று கேட்கக் கூடாது. அது அவர்கள் வேலை இல்லை.

வேகமாகப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்திருந்தார்கள். திரையின் இடது பெட்டிமேல் ஒரு மஞ்சள் காகிதத் துண்டை ஒட்டிவிடுவார்கள். பெயர் தெரியாது. சொல்லிக் கொடுத்தது மேஸ்திரிதான்: 'பேரைப் படிச்சா மனசு வேலை செய்யும். மனசு வேலை செஞ்சா கை நின்னுரும்.' மிளகாயின் திரையில் அந்தத் துண்டு ஒரு வருஷமாக ஒட்டிக்கிடந்தது. ஓரம் சுருண்டு அழுக்கேறியிருந்தது.

இன்று அவள் வேலையைத் தொடவில்லை. அண்ணியின் பெயரைத் தேடினாள். வந்தது. உறுதி 97. ஆதாரம்: மூன்று தளங்கள்.

முதல் தளத்தைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வம்புகளைத் தொகுத்துப் போடும் ஒரு பக்கம். தலைப்பிலேயே அண்ணியின் பெயர். 'காலை நேர நீல டப்பா மாத்திரைக்குப் பதிலாக இரவு நேர மஞ்சள் டப்பா மாத்திரையைக் கொடுத்ததால் ஒரு முதிய பெண்மணி இறந்தார். மருந்தாளுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.'

இரண்டாவது தளம். அதே வாக்கியம். மூன்றாவது. அதே.

மிளகாய் வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

நீல டப்பா, மஞ்சள் டப்பா. எந்த மருந்துக் கடையிலும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அம்மாவுக்குக் கண் மங்கியபோது, தன் பிள்ளையின் பழைய பென்சில் டப்பா இரண்டைக் கழுவி, நீலத்தில் காலை மாத்திரையும் மஞ்சளில் இரவு மாத்திரையும் போட்டு வைத்தவள் மிளகாயேதான். அது அந்த வீட்டுச் சமையலறை அலமாரியில் மட்டுமே இருந்த சங்கதி.

அதை வெளியே ஒரே ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறாள். இந்த ஆபீஸ் கேன்டீனில். ஜன்னலோரத்து மேஜையில். ஏழெட்டு மாசத்துக்கு முன்னால், வாய் ருசிக்காக, உறவுக் கூட்டத்தில் சொன்னதைவிடக் கொஞ்சம் மசாலா சேர்த்து.

*

அந்த மேஜையில் அவளுக்கு எதிரே உட்காருபவன் ஒரே ஆள். பக்கத்து இருக்கை, இருபத்தெட்டு. தூங்குமூஞ்சி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கண் பாதிதான் திறந்திருக்கும். ஆனாலும் விரல் மட்டும் சரி, சரி என்று போட்டுக்கொண்டிருக்கும்.

மிளகாய் அவன் நாற்காலியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"எழுந்திரு."

"முழிச்சிட்டுதான் இருக்கேன்."

"எங்க அண்ணி கதையை யாருகிட்ட வித்தே?"

"எந்த அண்ணி? எனக்கு அண்ணனே கிடையாதே."

"உன் நக்கலைத் தூக்கி உடைப்புல போடு. நீல டப்பா, மஞ்சள் டப்பா. என் எதிர்ல உக்காந்து கேட்டவன் நீதான். இப்ப மூணு தளத்துல இருக்கு. அவங்க வேலை போகப் போகுது. சொல்லு, எவனுக்கு எழுதிக் குடுத்தே?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூங்குமூஞ்சி மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது வந்தது.

"இந்தா பாரு. நான் லீவு லெட்டரே அடுத்தவங்களை எழுதச் சொல்றவன். நான் உக்காந்து கதை எழுதினேனா? நீ கதை சொன்னப்ப பக்கத்து மேஜையில யாரு இருந்தான்னு யோசிச்சியா? தனியா உக்காந்து, தட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டி நோட்டு வெச்சுக்கிட்டு?"

மிளகாய் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குத் தூண்டில் போட மண்புழு வேணும்ல," என்றான் தூங்குமூஞ்சி. "நம்ம வாய்லேர்ந்துதான் தோண்டறாரு. நான் எத்தனை தடவை சொன்னேன், கேன்டீன்ல அடக்கி வாசின்னு? எவன் கேட்டான்? என்னைத் தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டு எல்லாரும் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டுப் பேசினீங்க."

தூண்டில் என்றால் என்ன என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சரிபார்க்கிறவர்கள் கண்ணைத் திறந்துவைத்துப் பார்க்கிறார்களா என்று சோதிக்க, மேஸ்திரி நடுநடுவே பொய்யாக ஒரு செய்தியைச் செய்து நுழைப்பார். கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டவர்களுக்கு மதிப்பெண் குறையும். தூண்டில் நிஜம்போல இருக்க வேண்டும் என்பதற்காகப் போலிச் செய்திப் பக்கம்கூட இணையத்தில் செய்து வைத்திருந்தார்.

மிளகாய் நடந்தாள். கண்ணாடிக் கதவைத் தட்டவில்லை.

*

"இருபத்தேழு," என்றார் மேஸ்திரி, தலையைத் தூக்காமல். "இன்னிக்கு உன் எண்ணிக்கை பூஜ்யம். உடம்பு சரியில்லையா?"

"எங்க அண்ணி பேரை எங்கிருந்து எடுத்தீங்க?"

இப்போது தூக்கினார். நல்ல வழித்த முகம். கோபமே வராத முகம். அதுதான் பயம்.

"கதவைச் சாத்திட்டு உக்காரு."

"சாத்த மாட்டேன். உக்காரவும் மாட்டேன். பேரை எங்கிருந்து எடுத்தீங்க?"

"காப்பீட்டுப் படிவம். குடும்பத்துல யார் யாரு, என்ன வேலைன்னு நீதானே எழுதிக் குடுத்தே? அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்னு உங்க அண்ணி பேரைப் போட்டிருந்தே. சண்டைக்கு முன்னாடி போட்டது போல. மாத்த மறந்துட்டே." சிரித்தார். "கற்பனைப் பேர் போட்டா உங்களுக்கு வாசனை தெரிஞ்சிடும்மா. நிஜப் பேர், நிஜ வேலை, நிஜ வம்பு. அப்பத்தான் தூண்டில் தூண்டிலா இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுல நீங்க பேசறதுல பாதி எனக்குப் பாடப் புஸ்தகம்."

"அது பொய்ச் செய்தி. எப்படி வெளியே போச்சு?"

"நீ கேக்கறே, நான் ஒளிக்க மாட்டேன்." மேஸ்திரி தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். தானாகவே, ஏதோ விருந்தாளிக்குக் கல்யாண ஆல்பம் காட்டுகிறவர்போல. "வேரைப் பாரு."

எந்த உண்மை எங்கே முளைத்தது, எப்படிக் கிளை விட்டது என்று காட்டும் படம் அது. மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் தெரியும்.

முதல் வரி: மேஸ்திரியின் போலிச் செய்திப் பக்கம். ஏழு மாசத்துக்கு முந்தைய தேதி.

"அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட மறந்துட்டேன்," என்றார். "தூண்டில் பக்கத்தைப் படிப்பாளி தொடக் கூடாதுன்னு பூட்டணும். அன்னிக்கு அவசரம். மனுஷன்தானே? நம்ம படிப்பாளி போய் அதை நிஜச் செய்தின்னு படிச்சிடுச்சு. உறுதி ஐம்பத்தெட்டு. அதோட நின்னிருக்கும். ஐம்பத்தெட்டெல்லாம் வெளியே போகாது. யாராவது மனுஷன் சரி போட்டாத்தான் போகும்."

இரண்டாவது வரிமேல் விரலை வைத்தார்.

"படி. உனக்குப் படிக்கத் தெரியுமே."

'சரிபார்த்தவர்: இருக்கை 27. முடிவு: சரி. எடுத்துக்கொண்ட நேரம்: 2 விநாடி.'

மிளகாய் அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள்.

மருத்துவச் செய்திகள் எல்லாம் இருபத்தேழாம் இருக்கைக்குத்தான் வரும். வந்திருக்கிறது. இடது பெட்டியில் அண்ணியின் முழுப்பெயர் இருந்திருக்கிறது. அதன்மேல் மஞ்சள் காகிதம் இருந்திருக்கிறது. நடுப் பெட்டியில் 'பணிநீக்கம்', கீழே வாக்கியத்திலும் 'பணிநீக்கம்'. இரண்டு விநாடி. சரி.

"அப்புறம் நம்ம பொதுத் தளத்துல ஏறிச்சு," என்றார் மேஸ்திரி. "வம்புத் தளம் மூணு, நம்மகிட்டேர்ந்து அப்படியே எடுத்து ஒட்டிச்சு. நம்ம படிப்பாளி அந்த மூணையும் படிச்சது. அட, மூணு இடத்துல இருக்கேன்னு நம்பிடுச்சு. தொண்ணூத்தேழு. தன் எச்சிலைத் தானே சாப்பிட்டுட்டு ருசி நல்லாருக்குன்னு சொல்லுது. என்ன பண்றது?"

"நீங்க பாத்தீங்க. தெரிஞ்சும் விட்டுட்டீங்க."

"போன மாசம் பாத்தேன். சொன்னா என் வேலை போகும். நான் ஏன் சொல்லணும்?"

"எங்க அண்ணி வேலை பன்னெண்டு மணிக்குப் போகப் போகுது!"

"ஆமா. அதுக்கு யாரு காரணம்னு யாராவது வேரைத் தோண்டினா என்ன கிடைக்கும்?" குரலைத் தாழ்த்தினார். "நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது. ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. மாத்திரை மாத்தினான்னு ஊரைக் கூட்டி நாத்தனாரே சொல்லியிருக்கா. அதே நாத்தனார், அதே பொய்யை, தன் கையால சரின்னு ஏத்தியிருக்கா. இதை எந்தப் போலீஸ்காரன் தற்செயல்னு நம்புவான்? உங்க அண்ணனே நம்புவானா?"

மிளகாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ. இருக்கையில போய் உக்காரு. ஆறு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. உங்க அண்ணிக்கு வேற கடையில வேலை கிடைக்கும். நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன், நீ என் பேரைச் சொல்லாதே. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போவோம்."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் நாளைக்கு ஆயிரத்து நானூறு வரிகளை மேய்ந்து பழகியது மிளகாயின் கண். மேல் மூலையில் இருந்த, அந்த உண்மைக்கான பதினோரு இலக்க எண்ணை ஒரே பார்வையில் விழுங்கியிருந்தது.

*

இருக்கைக்குத் திரும்பினாள். மணி பதினொன்று பத்து.

எல்லார் திரையிலும் அடியோரத்தில் ஒரு சாம்பல் நிறப் பொத்தான் உண்டு. 'என் பிழை.' சரி போட்டவரே பிறகு வந்து, நான் போட்டது தவறு என்று ஒப்புக்கொள்ள. வேலையில் சேர்ந்த முதல் நாள் காட்டினார்கள். அதை அழுத்தினால் படிப்பாளி அந்த உண்மையைப் பிடுங்கும். அதிலிருந்து முளைத்த எல்லாவற்றையும் பிடுங்கும். இதுவரை அந்த உண்மையைக் கேட்டு வாங்கிய எல்லாருக்கும், முதல் வேரிலிருந்து கடைசி இலைவரை, யார் எழுதியது, யார் சரி போட்டது என்ற விவரத்தோடு தானாகவே ஒரு திருத்த அறிக்கை போகும். பொத்தானை அழுத்தியவரின் கணக்கு அந்த நிமிஷமே முடங்கும்.

நாற்பது பேரில் இதுவரை ஒருத்தரும் அழுத்தியதில்லை. அழுத்துகிறவர் பைத்தியமாக இருக்க வேண்டும் என்பது கூடத்தின் கருத்து.

மிளகாய் எண்ணைத் தட்டினாள். மூன்று பெட்டிகள் வந்தன. இடது பெட்டிமேல் மஞ்சள் காகிதம்.

நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினாள். ஒரு வருஷப் பசை. பாதி கிழிந்து வந்தது, பாதி ஒட்டிக்கொண்டு சண்டை போட்டது. சுரண்டினாள். அண்ணியின் பெயர் எழுத்து எழுத்தாக வெளியே வந்தது.

அந்தப் பெயரை அவள் கடைசியாக முழுசாகப் படித்தது அண்ணனின் கல்யாணப் பத்திரிகையில்.

"இருபத்தேழு!" கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மேஸ்திரிக்கு இங்கே ஒவ்வொரு திரையும் தெரியும். "கையை எடு."

மிளகாய் பொத்தானை அழுத்தினாள். 'காரணம் எழுதுக' என்று ஒரு பெட்டி திறந்தது.

"கையை எடுன்னு சொல்றேன்! அனுப்பினா முதல்ல உன் தலைதான் உருளும். யோசி!"

"யோசிச்சுத்தான் சார் எழுதிட்டிருக்கேன்," என்றாள், திரும்பாமலே தட்டிக்கொண்டு. "உங்களுக்கு முதுகு மட்டும்தானே பாத்துப் பழக்கம். இன்னிக்கு விரலையும் பாருங்க."

மேஸ்திரி நடைபாதையில் ஏறக்குறைய ஓடி வந்தார். அவர் கை நாற்காலியைப் பிடிக்கும் நேரத்தில் குறுக்கே ஒரு கால் நீண்டது. தூங்குமூஞ்சியின் கால். அவர் விழவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றான் தூங்குமூஞ்சி. "தூக்கக் கலக்கம்." பிறகு எழுந்து நின்றான். இப்போது அவன் கண் முழுசாகத் திறந்திருந்தது. "ஒண்ணு கேக்கணும் சார். எங்க மாமனார் சீட்டாடுவாருன்னு நான் கேன்டீன்ல சொன்னேனே. அது எந்தப் பக்கத்துல இருக்கு? பூட்டுப் போட்டீங்களா, போடலையா?"

கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. முப்பத்தெட்டு தலை திரும்பியது.

"என் தங்கச்சி விஷயம்?" மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

"எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சும்மா விளையாட்டுக்குத்தான் சார் சொன்னேன்..." இன்னொன்று.

"பூட்டு! பூட்டுப் போட்டீங்களா, அதைச் சொல்லுங்க!"

மேஸ்திரியின் வழித்த முகத்தில் வேர்வை துளிர்த்தது. கண்ணாடி அறையைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். அதுவே பதிலாக இருந்தது.

மிளகாய் எழுதி முடித்தாள். 'இது தூண்டிலுக்காக எழுதிய பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னது நான்தான். பெயரை மறைத்து வைத்துக்கொண்டு படிக்காமல் சரி போட்டதும் நான்தான்.' கடைசியாக இன்னொரு வரியைச் சேர்த்தாள். 'அவர் யாருக்கும் மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. இது அன்றும் எனக்குத் தெரியும்.'

அனுப்பு.

திரை இருண்டது. 'இந்தக் கணக்கு முடக்கப்பட்டது.' மணி பதினொன்று இருபத்தைந்து.

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி விசைப்பலகைமேல் வைத்தாள். வாசலை நோக்கி நடந்தபோது அவளுக்கு யாரும் வழி விடவில்லை, மறிக்கவும் இல்லை. எல்லாரும் மேஸ்திரியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

*

மருத்துவமனையின் நான்காவது மாடி. மருந்து நெடியும் தரை துடைத்த நெடியும் கலந்த நடைவழி. கமிட்டி அறைக் கதவுக்கு வெளியே மரப் பெஞ்சு. மிளகாய் படியேறி மூச்சிரைக்க வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. பெஞ்சு காலி.

அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. அவள் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை மூன்று முறை படித்தாள். இப்போது ஒவ்வொரு எழுத்தையும் படித்தாள்.

பன்னிரண்டு முப்பதுக்குக் கதவு திறந்தது. அண்ணி வந்தாள். வெள்ளைக் கோட்டை மாட்டியிருந்தாள். கையில் அச்சடித்த காகிதம் ஒன்று.

"வேலை?" என்றாள் மிளகாய்.

"இருக்கு. மன்னிப்புக் கேட்டாங்க. தலைவர் டீ வரவழைச்சுக் குடுத்தார். நான் குடிக்கல." அண்ணி காகிதத்தை நீட்டிப் பிடித்தாள். "பதினொன்றரைக்கு இது வந்துச்சாம். எல்லார் முன்னாலயும் சத்தமாப் படிச்சாங்க. கடைசி வரி வரைக்கும்."

"அண்ணி, திரையில ஒட்டின மஞ்சள் காகிதத்துக்குப் பின்னாடி உங்க பேர்..."

"என் பேரை நீ படிக்கக்கூட இல்லைங்கறே. அது எனக்கு ஆறுதலா?"

"இல்ல, அண்ணி," என்றாள் மிளகாய்.

"நான் கட்டிப்பிடிச்சு அழுவேன்னு நினைச்சு வந்தியா? மாட்டேன். கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சிட்டே. சரி. அது எப்பவோ படிச்சது, இன்னிக்கு மறந்துடுச்சு. உங்க சொந்தக்காரங்க ரெண்டு வருஷமா என்னை ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடல. என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கறாங்க. அந்த மண்டைங்கள்ல இருக்கறதை எந்தப் பொத்தானை அழுத்தி எடுப்பே?"

"எனக்கு வேலை போயிடுச்சு, அண்ணி."

"தெரியும். இதுல போட்டிருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?" அண்ணியின் குரல் உயரவே இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுட்டது. "உங்க மெஷின் மூணு இடத்துல படிச்சாத்தான் நம்புமாமே. உள்ளே விளக்கினாங்க. உன் ஜனமும் அப்படித்தான். நீயும் மூணு இடத்துல சொல்லு. உங்க பெரியப்பா வீட்டுல. உங்க சித்தி வீட்டுல. ரெண்டு வீட்டுலயும் கூடத்துல, எல்லாரும் இருக்கறப்ப, அன்னிக்குச் சொன்ன அதே தொண்டையில."

"மூணாவது?"

அண்ணி மாடிப்படியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்துகொண்டிருந்தான் அண்ணன். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மனைவியைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கப்புறம் இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பார்த்தவனுக்கு யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான், பொதுவாக.

அண்ணி நகரவில்லை. காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அதைக் காட்டி உதவப் போவதில்லை என்று மிளகாய்க்குப் புரிந்தது.

"அண்ணா," என்றாள் மிளகாய். கனைத்துக்கொண்டு, நடைவழியில் போன இரண்டு நர்ஸ்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக மறுபடி ஆரம்பித்தாள். "அம்மா போன அன்னிக்கு நான் அண்ணியைச் சொன்னது பொய்."